இரண்டு முறை வேண்டாம் என்று சொன்ன உதவித்தொகை

இவர் மேலே இஸ்திரி போட்ட வெள்ளை முழுக்கைச் சட்டையும் கீழே நாலு முழ வேட்டியுமாகச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். லேப்டாப் கேமரா இடுப்புக்குக் கீழே பார்க்காது என்ற துணிச்சல். பக்கத்தில் ஒரு நீல பிளாஸ்டிக் ஃபைல். அதில் இவருடைய பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் முதல் எங்கள் கல்யாணப் பதிவுச் சான்றிதழ் வரை எல்லாம் ஒரிஜினல்.

இவர் என்றால் என் வீட்டுக்காரர் ரகு. நான் கேமராவில் விழாத மூலையில், அடுப்புப் பக்கம், கையில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன். எங்கள் ஒரே பெண் தாரா ஃப்ரிட்ஜில் சாய்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்குப் பதினாறு வயது.

திரையில் மார்த்தா என்று ஒரு அம்மாள். கொலராடோ மலையில் இருக்கும் ஒரு சின்னப் பள்ளியில் கட்டண உதவியைக் கவனிப்பவர். நரைத்த பின்னல், தடித்த கம்பளிச் சட்டை. சட்டையில் வைக்கோல் மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. அவருக்குப் பின்னால் எங்கோ ஆடு கத்தியது.

"உங்களால் கட்ட முடியும் என்று நீங்கள் எழுதியிருக்கும் தொகை பன்னிரண்டாயிரத்து ஒரு டாலர். அந்த ஒன்று கைதவறி விழுந்ததா?" என்று கேட்டார்.

"ஆமாம், கைதவறிட்டது," என்றார் இவர். அது பொய். அதைப் பிறகு சொல்கிறேன்.

"சரி. இந்தத் தொகை உங்களுக்குச் சிரமமில்லையே? இன்னும் உதவி தேவைப்படுமா?"

மார்த்தாவின் ஆங்கிலத்தையும் என் பெண்ணின் ஆங்கிலத்தையும் தமிழாக்கித்தான் பெரும்பாலும் எழுதுகிறேன். ஆனால் இதற்கு இவர் சொன்ன பதிலை அப்படியே எழுதியாக வேண்டும்.

"நோ, நோ. வி ஆர் ஃபைன்."

சொல்லிவிட்டு, முகத்தில் சிரிப்போடு, மார்த்தா மறுபடி கேட்பதற்காகக் காத்திருந்தார்.

மார்த்தா கேட்கவில்லை. "வொண்டர்ஃபுல்," என்று சொல்லிக் குறித்துக்கொண்டார். நன்றி சொன்னார். திரை அணைந்தது. இவர் என்னைப் பார்த்தார், நான் இவரைப் பார்த்தேன். எங்களால் பன்னிரண்டாயிரம் கட்ட முடியாது என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அது தெரிந்திருக்க வேண்டிய நாலாவது ஆள் திரையிலிருந்து போய்விட்டார்.

மாடு மேய்க்க ஃபீஸ்

ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி என்ற எங்கள் ஊரில் பாதி வீடுகளுக்கு எண்ணெய்க் கம்பெனிகள்தான் படியளக்கின்றன. அதற்கு முந்தைய அக்டோபரில் இவருடைய கம்பெனி ஒரு தளத்தையே காலி செய்தது. அந்தத் தளத்தில் இவரும் இருந்தார். பதினாலு வருஷ வேலை, ஒரு அட்டைப்பெட்டியில் அடங்கி வீட்டுக்கு வந்தது.

நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. கோவிலில் பார்த்தால் "வேலை எப்படிப் போகுது?" என்பார்கள், "போகுது" என்போம். நாலு மாதம் கழித்து ஒரு கான்ட்ராக்ட் வேலை கிடைத்தது. பழைய சம்பளத்தில் பாதியைவிடக் கொஞ்சம் அதிகம். நான் ஒரு பல் டாக்டர் ஆபீஸில் ஃப்ரண்ட் டெஸ்க்கில் இருக்கிறேன். இரண்டையும் சேர்த்து இழுத்துப் பிடித்து ஓட்டிக்கொண்டிருந்தோம்.

தாராவிடம் மறைக்கவில்லை. மறைக்கவும் முடியாது, அட்டைப்பெட்டியை வாசலில் வாங்கியவளே அவள்தான். ஆனால் அன்றிலிருந்து அவள் ஒன்றும் கேட்பதில்லை. புது ஷூ கேட்கவில்லை. பள்ளி ஆர்கெஸ்ட்ராவில் வயலின் வாசிக்கிறாள், அவர்கள் எல்லாரும் சிகாகோ போனார்கள். "நீ போகலையா?" என்று ஒரு தடவை கேட்டேன். "வேண்டாம்மா, போரிங்" என்றாள். சரி என்று விட்டுவிட்டேன். பெண் பொறுப்பாக வளர்கிறாள் என்று மனசுக்குள் பெருமைகூடப் பட்டேன். என் புத்தி அவ்வளவுதான்.

அப்படி இருந்தவள் ஒரு நாள் என் லேப்டாப்பின் மேல் ஒரு பளபளப்பான சிறு புத்தகத்தை வைத்துவிட்டுப் போனாள். அதன்மேல் மஞ்சள் ஒட்டுத்தாள். "சும்மா பாரும்மா" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

செமஸ்டர் ஸ்கூல் என்று ஒன்று இந்த நாட்டில் இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அரை வருஷம் மட்டும் தங்கள் பள்ளியை விட்டுவிட்டு அங்கே போய்த் தங்கிப் படிப்பார்கள். கணக்கும் வரலாறும் உண்டு. அதோடு விறகு வெட்ட வேண்டும், ஆடு மாடு பார்க்க வேண்டும், முறை வைத்துச் சமைக்க வேண்டும். செல்ஃபோன் கிடையாது. மொத்தமே நாற்பது பிள்ளைகள். தனியார் பள்ளி, அரை வருஷக் கட்டணம் ஒரு நல்ல கார் விலை.

படிக்காவிட்டால் மாடு மேய்க்கத்தான் போவாய் என்று திட்டு வாங்கியே வளர்ந்து இன்ஜினியர் ஆனவர் இவர். அந்தப் புத்தகத்தைப் பிரித்ததும் ஒரு பெண் மாட்டுக்குப் புல் போடும் படம்.

"மாடு மேய்க்க நம்மளே ஃபீஸ் கட்டணுமா?" என்றார்.

"அப்பா, அது பசுமாடு பத்தின பயாலஜி ப்ராஜெக்ட்," என்றாள் தாரா, அறைக்குள்ளிருந்து.

இவர் பக்கங்களைப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் கட்டணத்தைப் பார்த்துவிட்டு மூடினார். மூடியவர் அதைக் குப்பையில் போடவில்லை, நீல ஃபைலுக்குள் வைத்தார். எனக்குப் புரிந்துவிட்டது. அக்டோபருக்குப் பிறகு அவள் கேட்ட முதல் விஷயம் அது. இவரும் அந்தக் கணக்கை வைத்திருந்திருக்கிறார்.

இருக்கிறதா, இல்லையா

மார்ச்சில் தாராவுக்கு இடம் கிடைத்துவிட்டது. அட்மிஷன் வேறு, கட்டண உதவி வேறு. உதவிக்குத் தனி ஃபாரம்.

இவருக்கு அந்த ஃபாரத்தின் தத்துவமே பிடிபடவில்லை. "ஸ்காலர்ஷிப்னா மார்க்குக்குத்தானே குடுப்பாங்க? இவங்க மார்க்கே கேக்கலியே?"

"அவ மார்க்குக்கு இல்லீங்க. நமக்கு எவ்வளவு முடியும், எவ்வளவு முடியாதுன்னு பாத்துக் குடுப்பாங்களாம்."

"முடியாதுன்னு நாமளே எழுதணுமா?"

இதில் இவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து நாங்கள் நிரப்பிய ஃபாரம் எல்லாம் எங்களிடம் இருக்கிறது என்று காட்டத்தான். மாணவர் விசாவுக்கு வங்கி இருப்பைக் காட்டினோம். கிரீன் கார்டுக்குச் சம்பளச் சீட்டைக் காட்டினோம். மாமனாரும் மாமியாரும் ஆறு மாதம் வந்துவிட்டுப் போக, அவர்களைச் சோறு போட்டுப் பார்த்துக்கொள்ள எங்களுக்கு வக்கு இருக்கிறது என்று பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். விசா நேர்காணலில் பல் தெரியச் சிரிக்க வேண்டும், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும், கஷ்டம் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது. இருபது வருஷம் இப்படிப் பழகிய கையிடம் திடீரென்று இல்லை என்று எழுதச் சொன்னால் அது எப்படி எழுதும்?

வருமானம் என்ற இடத்தில் போன வருஷ வரிக் கணக்கைக் கேட்டிருந்தார்கள். அதில் ஒன்பது மாதப் பழைய சம்பளமும், வேலையை விட்டு அனுப்பும்போது கொடுத்த தொகையும் சேர்ந்து ஜம்மென்று நின்றது. அதற்குக் கீழே, நிலைமை மாறியிருந்தால் எழுதுங்கள் என்று பெரிய கட்டம். இவர் அதைக் காலியாக விட்டார்.

"ஏங்க, இதுல எழுதலாமே?"

"வேலை போச்சுன்னு எழுதச் சொல்றியா? அந்த ஸ்கூல்ல யாராவது நம்ம ஆளு இருந்தா?"

கொலராடோ மலையில், நாற்பது பிள்ளைகள் படிக்கும் பள்ளியில், ஆட்டுப் பட்டிக்குப் பக்கத்தில், எங்கள் கோவில் ஆட்கள் யாராவது ஒளிந்திருப்பார்கள் என்று இவருக்கு நிஜமாகவே பயம்.

அடுத்த கேள்வி, உங்கள் ஆதரவில் வேறு யாராவது இருக்கிறார்களா? இல்லை என்று டிக் செய்தார். திருச்சியில் இருக்கும் என் மாமனாருக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். அந்தச் செலவு முழுக்க இவர் அனுப்புவதுதான்.

"மாமாவுக்கு அனுப்பறோமே," என்றேன்.

"அது அப்பாவுக்குச் செய்யறது. அதைப் போய் ஃபாரத்துல எழுதுவாங்களா?"

கடைசியில், உங்களால் எவ்வளவு கட்ட முடியும் என்ற சின்னப் பெட்டி. இவர் நெற்றியைத் தேய்த்தார். எங்கள் தெருவில் ஒருவர் பிள்ளையின் கோடைக்கால முகாமுக்கே பத்தாயிரம் கட்டினாராம். இவர் பன்னிரண்டாயிரம் என்று எழுதினார். எழுதிய கை அங்கே நிற்கவில்லை. கல்யாண வீட்டில் மொய் எழுதிப் பழகிய கை. சுழியில் முடித்தால் அதோடு முடிந்துவிடும், ஒன்று சேர்த்தால் உறவு தொடரும். பன்னிரண்டாயிரத்து ஒன்று.

நானும் உத்தமி இல்லை. அந்த வீடியோ காலுக்கு முன்னால் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே இவரிடம் சொன்னேன், "அவங்க கேட்டா உடனே சரின்னு சொல்லிடாதீங்க. அலையற மாதிரி இருக்கும்."

பீக்கன் பை

இந்த இடத்தில் ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும்.

நாங்கள் கேட்டிக்கு வந்த புதிது. தாரா வயிற்றில். பக்கத்து வீட்டு அம்மாள் வாசலில் நின்ற என்னை உள்ளே கூப்பிட்டார். அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்த பை என்ற இனிப்புப் பண்டம் ஒன்று மேசைமேல் ஆவி பறக்க இருந்தது. பீக்கன் பருப்பும் வெல்லப்பாகு மாதிரி ஏதோ ஒன்றும் போட்டுச் செய்தது. காலையில் சாப்பிட்ட இட்லி வெளியே வந்துவிட்டதால் எனக்கு அகோரப் பசி. வாசனை மூக்கைத் துளைத்தது.

"ஒரு துண்டு சாப்பிடறியா?" என்று கேட்டார்.

"வேண்டாம், இப்பதான் சாப்பிட்டேன்," என்றேன்.

அவர் "ஓகே, ஹனி" என்று சொல்லிவிட்டு அதன்மேல் அலுமினியத் தாளைப் போட்டு நாலு பக்கமும் அழுத்தி மூடினார். அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். அந்த அரை மணியும் நான் அலுமினியத் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து இவரிடம் சொல்லும்போது அழுகை வந்துவிட்டது.

"ரெண்டாவது தடவை கேக்கலியா?"

"கேக்கலீங்க."

"என்ன ஊரு இது," என்று சொல்லிவிட்டு இவர் காரை எடுத்துக்கொண்டு போய்க் கடையில் அதே மாதிரி ஒன்றை முழுசாக வாங்கிக்கொண்டு வந்தார். அதில் எனக்கு வேண்டியது ருசியா, அந்த இரண்டாவது கேள்வியா என்று இன்றுவரை தெரியவில்லை.

எங்கள் வீடுகளில் முதல் "வேண்டாம்" மரியாதைக்கு. இரண்டாவது, இவர்கள் நிஜமாகத்தான் கேட்கிறார்களா என்று பார்க்க. மூன்றாவதற்குத் தட்டை நீட்டுவோம். கேட்கிறவருக்கும் தெரியும், சொல்கிறவருக்கும் தெரியும். அம்பத்தூரில் என் அம்மா வீட்டுக்கு வந்து முதல் கேள்விக்கே காபி சரி என்று சொன்ன ஒருவரைப் பற்றி வருஷக்கணக்கில் பேசினார்கள்.

பதினாறு வருஷத்துக்கு முன்னாலேயே ஒரு பை எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம். இருந்தும் அன்று கரண்டியோடு நின்றேனே தவிர, குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.

கதவு

ஒரு வாரத்தில் கடிதம் வந்தது. பாராட்டோடு, மரியாதையோடு வந்தது. "நாம் பேசியபடி உங்கள் பங்கு பன்னிரண்டாயிரம். மீதியைப் பள்ளி ஏற்றுக்கொள்கிறது." கைதவறிய ஒரு டாலரை நல்லெண்ணத்தோடு எடுத்துவிட்டிருந்தார்கள். இரண்டு வாரத்துக்குள் பதில் சொல்லாவிட்டால் இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும்.

தாரா படித்தாள். "இட்ஸ் ஓகே. எனக்கு அவ்வளவு ஒண்ணும் ஆசை இல்லை," என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவை மெதுவாகச் சாத்தினாள். அடித்துச் சாத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

நான் இவர்மேல் பாய்ந்தேன். "அவங்க வாயைத் திறந்து கேட்டாங்க. வாயைத் திறந்து வேண்டாம்னு சொன்னீங்க."

"அலையற மாதிரி பேசாதேன்னு யாரு சொன்னது?"

"ஒரேயடியா வேண்டாம்னு சொல்லுங்கன்னா சொன்னேன்?"

"திரும்பக் கேப்பாங்கன்னு நினைச்சேன், சுமதி," என்றார். குரல் இறங்கிவிட்டது. "ஒரு தடவை கேட்டுட்டு விட்டுடுவாங்கன்னு தெரியாது."

கதவு திறந்தது. தாரா நின்றாள். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாளோ.

"ஃபைன் இல்லேன்னா எதுக்கு ஃபைன்னு சொன்னீங்க?" என்றாள் ஆங்கிலத்தில். குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டாள்.

"முதல் தடவையே சரின்னு சொன்னா நல்லா இருக்காது கண்ணா. அவங்கதான் திரும்பக் கேக்கணும்," என்றேன்.

"எத்தனை தடவை?"

"மூணு."

"இது மார்த்தாவுக்குத் தெரியுமா?"

இவர் நீல ஃபைலை எடுத்து அதன் மூலையைச் சரி செய்ய ஆரம்பித்தார்.

பூட்ஸ் போட்டவர்

மறுநாள் காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது தாரா தன் ஃபோனை நீட்டினாள். மார்த்தாவுக்கு ஒரு மின்னஞ்சல், இன்னும் அனுப்பவில்லை.

"என் குடும்பத்தில் மரியாதைக்காக இரண்டு முறை வேண்டாம் என்று சொல்வார்கள். அது வேண்டாம் என்று அர்த்தமில்லை. முடிந்தால் என் அப்பாவோடு மறுபடி பேசுங்கள். தயவுசெய்து மூன்று முறை கேளுங்கள்." அவ்வளவுதான் எழுதியிருந்தாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நம்ம வீட்டு விஷயத்தை யார் யார்கிட்டயோ சொல்லுவியா? அப்பாவுக்குத் தெரிஞ்சா எவ்வளவு கஷ்டப்படுவாரு?"

"அப்ப அனுப்பல," என்றாள். உடனே ஃபோனை இழுத்துக்கொண்டாள்.

அன்று மதியம் ஆபீஸுக்கு ஒருவர் வந்தார். கூரை வேலை செய்பவர், பூட்ஸ் முழுக்கத் தார். ரூட் கனால் முடித்துவிட்டுக் கன்னம் வீங்கி நின்றார். நான் தொகையைச் சொன்னேன். "இவ்வளவையும் இன்னிக்கே கட்ட முடியாது மேடம். நாலு மாசமாப் பிரிச்சுக் கட்டலாமா?" என்றார். நான் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "தாராளமா" என்று சொல்லி இரண்டு பட்டனைத் தட்டினேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகுதான் உறைத்தது. தினமும் நாலு பேர் என்னிடம் முடியாது என்று சொல்கிறார்கள். ஒருவரைக்கூட நான் குறைவாக நினைத்ததில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்து இத்தனை பேருக்குத் தவணை போட்டுக் கொடுத்தவளுக்கு, தன் வீட்டு விஷயம் என்றதும் மட்டும் ஏன் இத்தனை கூச்சம்?

பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து தாராவுக்கு மெசேஜ் போட்டேன். "அனுப்பு." ஒரு நிமிஷம் கழித்து இன்னொன்று போட்டேன். "அப்பாகிட்ட நான் சொல்ல மாட்டேன்."

மூன்றாம் முறை

இரண்டே நாளில் மார்த்தாவிடமிருந்து இவருக்கு மின்னஞ்சல். உங்கள் விண்ணப்பத்தை மறுபடி பார்க்க விரும்புகிறேன், அரை மணி நேரம் பேசலாமா என்று. ஏதோ காகிதம் குறைகிறது போலிருக்கிறது என்று இவர் ஃபைலில் இன்னும் நாலு காகிதத்தைச் சேர்த்தார். அதே வெள்ளைச் சட்டை, அதே வேட்டி. இந்தத் தடவை நான் கரண்டியை வைத்துவிட்டு இவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். தாரா எதிரே.

மார்த்தா ஒரு பெரிய கோப்பையில் டீ வைத்திருந்தார். வானிலை விசாரித்தார். பிறகு கேட்டார், "ரகு, போன வருஷத்துக்குப் பிறகு உங்கள் நிலைமையில் ஏதாவது மாற்றம் உண்டா?"

"சின்ன மாற்றம். பெரிசா ஒண்ணும் இல்லை. வி ஆர் மேனேஜிங்."

மார்த்தா ஒரு வாய் டீ குடித்தார். எதையும் குறித்துக்கொள்ளவில்லை.

"மறுபடி கேட்கிறேன். இந்தத் தொகை உங்களுக்குக் கஷ்டமா?"

"நோ, நோ. ரியலி. வி ஆர் ஃபைன்."

மேசைக்கு அடியில் இவர் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்தேன். மார்த்தா கோப்பையைக் கீழே வைத்தார். கேமராவுக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்தார்.

"மூன்றாவது முறையாகக் கேட்கிறேன்," என்றார். "உதவி வேண்டுமா?"

இவர் திரையைப் பார்த்தார். பிறகு தாராவைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். இவருக்கு அப்போது புரிந்திருக்க வேண்டும். கோபப்படுவார் என்று நினைத்தேன். இவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

இந்த நாட்டில் எங்களை யாரும் மூன்றாவது தடவை கேட்டதில்லை.

"எஸ்," என்றார். "வேணும்."

அதற்குப் பிறகு பேசினார். இவர் இவ்வளவு பேசி நான் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. அக்டோபரில் வேலை போனது, நாலு மாதம் சும்மா இருந்தது, இப்போதைய கான்ட்ராக்ட் எந்த மாதம் முடியும் என்று தெரியாதது, அப்பாவின் டயாலிசிஸ். இடையிடையே ஆங்கிலம் தடுமாறியது, இருபது வருஷம் பேசிய ஆங்கிலம். கடைசியில், "அவ அங்க போகணும்னு எனக்கு ஆசை. அக்டோபர்லேருந்து அவ எங்ககிட்ட எதுவுமே கேட்டதில்லை. இதுதான் கேட்டா," என்றார்.

தாரா எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். குழாயை ரொம்ப நேரம் திறந்தே வைத்திருந்தாள்.

மார்த்தா இதையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பச் சொன்னார். அந்தக் காலிக் கட்டத்துக்காகத்தான். பிறகு, "இன்னொரு கேள்வி. அந்த ஒரு டாலர். அது நிஜமாகவே கைதவறியதா?"

இவர் சிரித்துவிட்டார். அன்றைக்கு முதல் சிரிப்பு. மொய் என்றால் என்ன, ஏன் ஒன்று சேர்ப்போம் என்று விளக்கினார். கணக்கு முடியாமல் இருந்தால் போக்குவரத்து இருந்துகொண்டிருக்கும் என்றார். மார்த்தா கேட்டுக்கொண்டு, இந்தத் தடவை குறித்துக்கொண்டார்.

திரை அணைந்ததும் இவர் தாராவிடம் கேட்டார், "நீதான் சொன்னியா?"

"ஆமாம். சாரிப்பா."

"ரெண்டு தடவைன்னு சொல்லியிருக்கலாம். மூணாவதுக்குள்ள உங்கம்மா என் வேட்டியை உருவியிருப்பா," என்றார்.

புதுக் கடிதம் அடுத்த வாரம் வந்தது. எங்கள் பங்கு: மூவாயிரத்து ஒரு டாலர். இவர் அந்த வரியை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஒரு வாரம் அந்தக் கடிதம் ஃபைலுக்குள் போகவில்லை, சாமி அலமாரியில் விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது.

பத்து நிமிஷம்

தாரா போனாள். அந்தப் பள்ளியில் மொத்தப் பிள்ளைகளுக்கும் சேர்த்து சுவரில் மாட்டிய ஒரு ஃபோன். ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம். வரிசையில் நிற்பவர்களுக்குப் புரியக் கூடாது என்று என் பெண் தமிழில் பேசுவாள். பதினாறு வருஷம் நான் தமிழில் கேட்டதற்கெல்லாம் ஆங்கிலத்தில் பதில் சொன்னவள். ஆட்டுக்குப் பால் கறப்பதைத் தமிழில் சொல்ல வார்த்தை தேடித் தடுமாறும்போது எனக்கு ஃபோனையே கட்டிக்கொள்ளலாம் போலிருக்கும்.

மூன்றாவது ஞாயிறோ நாலாவதோ, ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். இவர் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, அடுத்த மாசம் பேரண்ட்ஸ் வீக்கெண்ட்," என்றாள். "நீங்க வர வேண்டாம். ரொம்ப தூரம்."

"வந்தா என்னடி?"

"வேண்டாம்மா. ஃப்ளைட் டிக்கெட் எல்லாம் ஜாஸ்தி. ஐ ஆம் ஃபைன்."

அந்தச் சொல் எனக்கு நன்றாகப் பழக்கமான சொல். சிகாகோ பயணம் ஞாபகம் வந்தது. போரிங் என்று சொல்லிவிட்டு அவள் நின்ற நிலை ஞாபகம் வந்தது. அன்று அவள் கொஞ்ச நேரம் நகராமல் அங்கேயேதான் நின்றாள். நான் மறுபடி கேட்பேன் என்றுதான் நின்றிருக்கிறாள். மார்த்தாவைக் குறை சொல்லிவிட்டேன், பக்கத்து வீட்டு அம்மாளையும் சொல்லிவிட்டேன். என் பெண்ணை நானும் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறேன்.

"நிஜமாவே வேண்டாமா?" என்றேன்.

"நிஜமா வேண்டாம்."

"தாரா, மூணாவது தடவை கேக்கறேன். நாங்க வரட்டுமா?"

பின்னால் யாரோ நேரமாகிவிட்டது என்று சொல்வது கேட்டது.

"வாங்க," என்றாள். "ரெண்டு பேரும் வாங்க."

நான் திரும்பிப் பார்த்தேன். பக்கத்து நாற்காலியில் பாதி உரித்த வெங்காயம்தான் இருந்தது. இவர் வாசலில் குனிந்து, கார் டயரில் காற்று இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.